பல்லிழை நிரலாக்கத்தில் இழை இரத்து: கோரிக்கையும் இசைவும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒருங்கே இயங்கும்போது, அவற்றுள் ஒன்றை அதன் பணி நிறைவடையும் முன்பே முடிவுக்குக் கொண்டுவர வேண்டிய தேவை எழுகிறது. இச்செயல் இழை இரத்து எனப்படுகிறது. இயக்கமுறைமைப் பாடநூல்கள் இதனை உடனடி இரத்து, ஒத்திவைப்பு இரத்து என இரு வகையாகப் பகுத்துச் சில பத்திகளில் கடந்துவிடுகின்றன. இரத்து செய்யப்படும் இழை கைக்கொண்டிருந்த பூட்டு, நினைவகம், கோப்பு ஆகியவற்றின் நிலை என்னவாகும் என்னும் வினா பெரும்பாலும் விடையின்றி நிற்கிறது. போசிக்ஸ் தரத்தின் இரத்து நெறிமுறை, அதனை நிறைவேற்றுவதில் ஜிலிப்சி நிரலகம் சந்தித்த இடர், ஜாவா முதலிய மொழிகள் மேற்கொண்ட மாற்றம், 2025இல் கர்ல் நிரலகம் பெற்ற அனுபவம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இழை இரத்து என்பது இலக்கு இழையின் இசைவை வேண்டும் கோரிக்கையாக அமையும்போதே பாதுகாப்பானது என்பதும், அதனை அவ்வாறே கற்பிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: இழை, பல்லிழை நிரலாக்கம், இழை இரத்து, இரத்துப் புள்ளி, மியூட்டெக்ஸ், தூய்மைச் செயற்கூறு, போசிக்ஸ்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நகரை ஒட்டிய வேங்கிக்காலில் அமைந்துள்ளது. முன்னர் மக்கள் நேரில் சென்று அளித்த சான்றிதழ் விண்ணப்பங்கள் பலவும் இன்று இ-சேவை மையங்களின் வழியாகவும் இணையத்தின் வழியாகவும் அளிக்கப்படுகின்றன. இத்தகைய சேவையொன்றை வழங்கும் கணினியில் ஒரே நேரத்தில் பலருடைய கோரிக்கைகள் வந்து சேரும். ஒவ்வொரு கோரிக்கையையும் ஓர் இழையிடம் ஒப்படைப்பது வழங்கிக் கணினிகளில் பரவலாகக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று. விண்ணப்பித்தவர் காத்திருக்க இயலாமல் உலாவியை மூடிவிடலாம், இணைப்புத் துண்டிக்கப்படலாம். அப்போது அவருக்காக இயங்கிக்கொண்டிருக்கும் இழையை என்ன செய்வது? அதனை விட்டுவைத்தால் கணினியின் வளம் வீணாகும். இடையில் அறுத்தால் அது பாதியில் விட்ட வேலை பிறரைப் பாதிக்கக்கூடும். இழை இரத்து குறித்த சிக்கல் இவ்விரண்டிற்கும் இடையே பிறக்கிறது.

சில்பர்சாட்ஸ், கால்வின், காக்னி ஆகியோரின் இயக்கமுறைமைக் கோட்பாடுகள் நூல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பாடநூலாகவோ பார்வை நூலாகவோ பயன்பட்டு வருகிறது. இழைகள் குறித்த இயலில் ‘இழைச் சிக்கல்கள்’ என்னும் பகுதியின்கீழ் இழை இரத்து அங்கு இடம்பெறுகிறது. மாணவர்கள் இரு வகைகளின் வரையறைகளை மனத்தில் இருத்தித் தேர்வில் எழுதிவிடுகின்றனர். அவ்வரையறைகளுக்குப் பின்னே நிற்கும் காரணத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இழையும் பகிர்வும்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்கிறோம். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி நினைவகப் பரப்பு உண்டு. ஒரு செயல்முறையை வலிந்து நிறுத்தினால், அதற்குரிய நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் கெர்னல் மீட்டுக்கொள்கிறது. அண்டைச் செயல்முறையின் நினைவகத்தை அந்நிறுத்தம் தொடுவதில்லை.

இழையின் நிலை வேறு. ஒரு செயல்முறைக்குள் இயங்கும் இழைகள் அனைத்தும் ஒரே நினைவகப் பரப்பையும் ஒரே கோப்புப் பட்டியலையும் பகிர்ந்துகொள்கின்றன. அடுக்கும் பதிவகங்களும் மட்டுமே ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக உள்ளன. ஓர் இழை வேண்டிப் பெற்ற நினைவகம் அவ்விழைக்கு உரியதாகக் கெர்னலின் கணக்கில் இல்லை. அது செயல்முறைக்கு உரியது. எனவே இழை மறைந்தாலும் அது பெற்ற நினைவகமும் திறந்த கோப்பும் பூட்டிய பூட்டும் அப்படியே எஞ்சுகின்றன. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதை அறிந்திருந்த ஒரே பகுதி, மறைந்துபோன அந்த இழையே.

இழை என்னும் கலைச்சொல்லே இதனை உணர்த்துகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி இம்மாவட்டத்திலேயே உள்ளது. தறியில் பாவின் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி அதனை முடிந்த பின்பே நெசவைத் தொடர்வார். அறுந்த முனையை அப்படியே விட்டால் அது அண்டை இழைகளில் சிக்கித் துணியைக் கெடுக்கும். பகிர்ந்த பரப்பில் ஓர் இழையின் முறிவு அதனோடு நிற்பதில்லை.

‘இரத்து’ என்னும் சொல்

நிறுத்தம், நீக்கம், முறித்தல் முதலிய சொற்களும் இக்கருத்துக்கு ஆளப்படக்கூடியவை. எனினும் ‘இரத்து’ என்னும் வழக்குச் சொல் பொருத்தமானது. ரயில் பயணச்சீட்டை இரத்து செய்யப் பயணி விண்ணப்பிக்கிறார். இருக்கையை விடுவிப்பதும், காத்திருப்போர் பட்டியலை நகர்த்துவதும், உரிய தொகையைத் திருப்பித் தருவதும் முன்பதிவு அமைப்பின் பணிகள். விண்ணப்பித்த கணமும் இரத்து நிறைவுபெறும் கணமும் வேறுவேறு. இழை இரத்திலும் இவ்வேறுபாடே அடிப்படை. கோரும் இழை ஒன்று. கோரிக்கையைப் பெறும் இலக்கு இழை மற்றொன்று. கோரிக்கை அனுப்பப்பட்டதனால் இலக்கு இழை முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது.

உடனடி இரத்தும் அதன் விளைவுகளும்

உடனடி இரத்தில் இலக்கு இழை எந்தக் கட்டளையில் இருந்தாலும் அங்கேயே முடிவுக்கு வரக்கூடும். இதன் விளைவை ஒரு கற்பனை விண்ணப்பப் பதிவு நிரலின் வழியே காணலாம். இந்நிரல் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது; நடைமுறையிலுள்ள எந்த நிரலையும் குறிப்பதன்று. அதில் ஒவ்வோர் இழையும் பின்வரும் நான்கு படிகளைச் செய்கிறது:

1. பதிவேட்டின் மியூட்டெக்ஸ் பூட்டைப் பெறுதல்.
2. புதிய வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதுதல்.
3. அந்த எண்ணுக்குரிய பெயரை அகரவரிசைப் பட்டியலில் சேர்த்தல்.
4. பூட்டை விடுவித்தல்.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே இழை அறுபட்டால் இரு கேடுகள் விளைகின்றன. முதலாவது, எண் உண்டு, பெயர் இல்லை என்னும் முரண்பட்ட பதிவு. இரண்டாவது, பூட்டு மூடியபடியே நிற்றல். அடுத்து வரும் விண்ணப்பத்திற்கான இழை அப்பூட்டுக்காகக் காத்திருக்கும். அதற்கு அடுத்ததும் காத்திருக்கும். பூட்டைத் திறக்க வேண்டிய இழை இப்போது இல்லை. ஒருவர் உலாவியை மூடியதன் விளைவாக அனைவரின் விண்ணப்பங்களும் முடங்குகின்றன.

நிரலாளர் பூட்டு எதனையும் வெளிப்படையாகப் பயன்படுத்தாவிட்டாலும் இவ்விடர் நீங்குவதில்லை. நினைவகம் பெற உதவும் ‘மேலாக்’ செயற்கூறு, இழைகளுக்குப் பொதுவான நினைவகக் கணக்கைத் திருத்தும்போது தனக்குள் பூட்டைக் கையாள்கிறது. அந்நேரத்தில் இழை அறுபட்டால், பின்னர் நினைவகம் வேண்டும் பிற இழைகள் காரணம் விளங்காமல் நின்றுவிடலாம். இதனாலேயே போசிக்ஸ் தரம், உடனடி இரத்து இயக்கப்பட்ட நிலையில் பாதுகாப்பாக அழைக்கத்தக்கவையாக மூன்று செயற்கூறுகளை மட்டுமே வலியுறுத்துகிறது. அவை ‘பிதிரெட்_கேன்சல்’, ‘பிதிரெட்_செட்கேன்சல்ஸ்டேட்’, ‘பிதிரெட்_செட்கேன்சல்டைப்’ என்பன. அவை மூன்றும் இரத்து தொடர்பானவையே. கோப்பு, நினைவகம், பூட்டு ஆகிய எதனையும் தொடாத தூய கணக்கீட்டுச் சுழலுக்கு மட்டுமே உடனடி இரத்து பொருந்தும் என்பது இதன் பொருள்.

ஒத்திவைப்பு இரத்தும் இரத்துப் புள்ளிகளும்

1995இல் ஏற்கப்பட்ட போசிக்ஸ் இழைத் தரம் ஒத்திவைப்பு இரத்தையே இயல்பு வகையாகக் கொண்டது. ஒவ்வோர் இழைக்கும் இரத்து தொடர்பான இரு பண்புகள் உண்டு. முதலாவது நிலை: இரத்துக் கோரிக்கை ஏற்கப்படுமா, தடுக்கப்பட்டுள்ளதா என்பது. இரண்டாவது வகை: ஏற்கப்படுமாயின் உடனடியாகவா, ஒத்திவைத்தா என்பது. புதிதாகத் தோன்றும் இழையில் கோரிக்கை ஏற்கப்படும். ஆனால் அது ஒத்திவைக்கப்படும். இவ்விரு பண்புகளையும் மாற்றும் உரிமை அந்த இழைக்கே உண்டு. வெளியிலிருந்து பிற இழை மாற்ற இயலாது. இசைவு என்னும் கருத்து இத்தரத்தின் கட்டமைப்பிலேயே பதிந்துள்ளது.

கோரிக்கை வந்ததும் அது நிலுவையில் வைக்கப்படுகிறது. இலக்கு இழை அடுத்த இரத்துப் புள்ளியை அடையும்போது நிலுவை உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. இருப்பின் இழை அங்கு முடிகிறது. கோப்பிலிருந்து படிக்கும் ‘ரீட்’, எழுதும் ‘ரைட்’, உறங்கும் ‘ஸ்லீப்’, நிபந்தனைக்காகக் காத்திருக்கும் ‘பிதிரெட்_காண்ட்_வெயிட்’, மற்றோர் இழையின் முடிவுக்காகக் காத்திருக்கும் ‘பிதிரெட்_ஜாயின்’ முதலியன இரத்துப் புள்ளிகள். இவற்றுட் பல நெடுநேரம் காத்திருக்க நேரும் இடங்கள் என்பது கருதத்தக்கது. காத்திருக்கும் இழையை எழுப்பி முடிப்பதே இரத்தின் முதன்மைப் பயன்.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையை இதற்கு ஒப்பிடலாம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையில் எண்திசை இலிங்கங்கள் எட்டும் அமைந்துள்ளன. நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, வலத்தை நிறுத்தித் திரும்பி வருமாறு செய்தி கிடைப்பதாகக் கொள்வோம். அவர் நெரிசல் மிக்க சாலையின் நடுவில் நின்றுவிடுவதில்லை. அடுத்த இலிங்கத்தை அடைந்து வழிபட்டு, ஒதுங்கிய பின்பே திரும்புகிறார். செய்தி கிடைத்த இடத்திற்கும் அவர் நின்ற இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவே ஒத்திவைப்பு. இரு இலிங்கங்களுக்கு இடையிலான தொலைவு மிகுந்தால் காத்திருப்பும் மிகும்.

கடைசியாகக் கூறியது நிரலிலும் உண்மை. அணிகளைப் பெருக்குதல், பெரிய பட்டியலை வரிசைப்படுத்துதல் போன்ற நீண்ட கணக்கீட்டுச் சுழல்களில் இரத்துப் புள்ளி எதுவும் இல்லாமற் போகலாம். அத்தகைய இழை கோரிக்கையைப் பெற்றும் சுழல் முடியும்வரை இயங்கிக்கொண்டே இருக்கும். இதற்காகவே ‘பிதிரெட்_டெஸ்ட்கேன்சல்’ என்னும் செயற்கூறு உள்ளது. அது வேறு எதையும் செய்வதில்லை. நிலுவைக் கோரிக்கை உண்டா எனச் சோதிப்பது மட்டுமே அதன் பணி. சுழலின் ஒவ்வொரு சுற்றிலும், அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுற்றுகளுக்கு ஒருமுறை, தரவு முரண்பாடற்ற நிலையில் இருக்கும் இடம் பார்த்து அதனை அமைப்பது நிரலாளரின் பொறுப்பு.

மியூட்டெக்ஸ் பூட்டுக்காகக் காத்திருக்கும் ‘பிதிரெட்_மியூட்டெக்ஸ்_லாக்’ இரத்துப் புள்ளி அன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். அது இரத்துப் புள்ளியாக இருந்திருப்பின், பூட்டைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் இழை முடியக்கூடும் எனக் கருதியே நிரல் எழுத நேர்ந்திருக்கும்.

தூய்மைச் செயற்கூறுகள்

இரத்துப் புள்ளியில் முடியும் இழை தான் பெற்றவற்றைத் திருப்பித் தருவதற்குத் தரம் ஒரு வழியை வகுத்துள்ளது. பூட்டைப் பெற்றவுடன், அதனை விடுவிக்கும் தூய்மைச் செயற்கூறை ‘பிதிரெட்_கிளீனப்_புஷ்’ மூலம் இழை பதிவு செய்கிறது. பணி இயல்பாக முடிந்தால் ‘பிதிரெட்_கிளீனப்_பாப்’ மூலம் அப்பதிவை எடுத்துவிடுகிறது. இடையே இரத்து நேர்ந்தால், பதிவான செயற்கூறுகள் கடைசியில் பதிந்தது முதலில் என்னும் முறையில் ஒவ்வொன்றாக இயங்குகின்றன. பின்னர் இழைக்குரிய தனித் தரவுகளின் அழிப்புச் செயற்கூறுகள் இயங்குகின்றன. அதன் பின்பே இழை முடிகிறது.

‘பிதிரெட்_காண்ட்_வெயிட்’ இவ்வகையில் தனித்துக் கருதத்தக்கது. அது காத்திருக்கும்போது மியூட்டெக்ஸ் பூட்டை விடுவித்திருக்கும். அந்நிலையில் இரத்து நேர்ந்தால், தூய்மைச் செயற்கூறு இயங்கும் முன் இழை அப்பூட்டை மீண்டும் பெறுகிறது. எனவே பூட்டைத் திறக்கும் தூய்மைச் செயற்கூறு எழுதப்படாவிடில், காத்திருந்த இழை பூட்டிய பூட்டுடனேயே மறைந்துவிடும். மாணவர் நிரல்களில் நேரக்கூடிய முட்டுநிலைகளுக்கு இது ஒரு நல்ல சான்று.

மேற்காட்டிய பதிவு நிரலில், பூட்டை விடுவிப்பது மட்டும் போதாது என்பதும் நோக்கத்தக்கது. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே இரத்துப் புள்ளி இருந்து அங்கே இழை முடிந்தால், பூட்டு திறக்கும். ஆனால் பெயரற்ற எண் பதிவேட்டில் தங்கிவிடும். இதற்கு இரு தீர்வுகள் உண்டு. எழுதிய எண்ணைத் திரும்பப் பெறும் வேலையையும் தூய்மைச் செயற்கூறில் சேர்க்கலாம். அல்லது இரண்டாம் படிக்கு முன் இரத்தைத் தடுத்து, நான்காம் படிக்குப் பின் மீண்டும் அனுமதிக்கலாம். இரண்டாவது தீர்வு எளிது. பிழைக்கு இடம் குறைவு. ஆனால் தடுத்துவைக்கும் பகுதி குறுகியதாக இருத்தல் வேண்டும்.

இறுதியாக, கோரிய இழைக்கும் ஒரு கடமை உண்டு. ‘பிதிரெட்_கேன்சல்’ வெற்றி எனத் திருப்பித் தருவது கோரிக்கை சென்று சேர்ந்ததை மட்டுமே குறிக்கும். இலக்கு இழை முடிந்ததை உறுதி செய்ய ‘பிதிரெட்_ஜாயின்’ மூலம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் இலக்கு இழை பயன்படுத்தும் நினைவகத்தை விடுவிப்பது பெரும் பிழை.

நிரலகத்தில் இருந்த இடைவெளி

நிரலாளர் விதிகள் அனைத்தையும் பின்பற்றினாலும், அடியிலுள்ள நிரலகம் பிழையற்றதாக இருத்தல் வேண்டும். லினக்ஸ் அமைப்புகள் பெரும்பாலானவற்றின் அடிப்படையான ஜிலிப்சி நிரலகத்தில் இதுகுறித்து நெடுங்காலம் ஒரு குறை இருந்தது.

பழைய முறை பின்வருமாறு. இரத்துப் புள்ளியாகிய செயற்கூறு, கெர்னலை அழைக்கும் முன் இழையின் இரத்து வகையை உடனடி என மாற்றும். அழைப்பு முடிந்ததும் பழைய வகைக்குத் திருப்பும். காத்திருக்கும் இழையை எழுப்புவதற்கு இது போதுமானதாகத் தோன்றியது. ஆனால் ஒரு கோப்பைத் திறக்கும் அழைப்பைக் கருதுக. கெர்னல் கோப்பைத் திறந்து அதன் எண்ணைத் தந்துவிட்டது. இழையோ இன்னும் பழைய வகைக்குத் திரும்பவில்லை. அந்த நுண்ணிய இடைவெளியில் இரத்துக் கோரிக்கை வந்தால் இழை அங்கேயே முடியும். திறந்த கோப்பின் எண்ணை அறிந்தவர் எவரும் இல்லை. தூய்மைச் செயற்கூறும் அதனை மூட இயலாது. ஏனெனில் அந்த எண் எந்த மாறியிலும் இன்னும் சேமிக்கப்படவில்லை.

மசல் நிரலகத்தை உருவாக்கிய ரிச் ஃபெல்கர் 2011இல் இக்குறையை ஜிலிப்சியின் பிழைப் பதிவேட்டில் முன்வைத்தார். அதன் எண் 12683. மசல் நிரலகம் வேறு வழியைக் கையாண்டது. இரத்துச் சமிக்ஞை வந்தபோது இழை எந்தக் கட்டளையில் நின்றது என்பதை அது சோதிக்கிறது. கெர்னல் அழைப்பு நிறைவடைவதற்கு முந்தைய பகுதியில் இழை இருந்தால் மட்டுமே இரத்து நடைபெறும். அழைப்பு நிறைவடைந்திருந்தால் விளைவு இழையிடம் முறையாகச் சேர்க்கப்பட்டு, கோரிக்கை அடுத்த புள்ளிவரை நிலுவையில் நிற்கும். இதனையொத்த தீர்வு 2025 ஜனவரியில் வெளியான ஜிலிப்சி 2.41 பதிப்பில் இடம்பெற்றது. குறை பதிவானதற்கும் தீர்வு வெளியானதற்கும் இடையே ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கடந்தன.

தமிழ்நாட்டுக்கு இச்செய்தி தொலைவானதன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியன் வழிவந்த அமைப்புகளில் இயங்குவது ஜிலிப்சியோ அதன் கிளையோ ஆகும். ஆகவே அரசு வழங்கிய மடிக்கணினியில் முதன்முதலாக லினக்சைக் கண்டு, அதில் இழை நிரலை எழுதிப் பார்த்த மாணவரின் கணினியிலும் இவ்விடைவெளி இருந்தது. எப்போதாவது ஒருமுறை தோன்றும் இத்தகைய பிழையை ஆய்வகத்தில் மீண்டும் தோற்றுவிப்பது அரிது என்பதால், அது மாணவரின் பிழையாகவே கருதப்பட்டிருக்கக்கூடும்.

பிற மொழிகளின் அனுபவம்

ஜாவா மொழி தொடக்கத்தில் இழையை வலிந்து நிறுத்தும் ‘ஸ்டாப்’ என்னும் செயற்கூறைக் கொண்டிருந்தது. அது இலக்கு இழையில் ஒரு விதிவிலக்கை எழுப்பும். அவ்விதிவிலக்கு இழையின் அடுக்கை மேல்நோக்கிக் கடக்கும்போது, இழை பிடித்திருந்த பூட்டுகள் அனைத்தும் தாமாகத் திறந்துகொள்ளும். போசிக்ஸ் இழையில் பூட்டு மூடியபடி நிற்பதே சிக்கல் எனின், ஜாவாவில் அது தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பூட்டு இருந்ததன் காரணம், அதனுள் இருந்த தரவு முழுமை பெறாத நிலையில் பிறர் காணலாகாது என்பதே. பூட்டு தானாகத் திறந்ததும் பாதி எழுதிய தரவு அனைவரின் பார்வைக்கும் வந்துவிட்டது. அதனைக் கண்ட இழைகள் தவறான முடிவுகளைத் தந்தன. பிழையோ நெடுநேரம் கழித்து வேறோர் இடத்தில் வெளிப்பட்டது.

இவ்விரு அனுபவங்களையும் இணைத்துக் காண வேண்டும். வலிந்த நிறுத்தத்தில் பூட்டை மூடியபடி விட்டால் நிரல் முடங்குகிறது. திறந்துவிட்டால் தரவு கெடுகிறது. மூன்றாவது வழி, தரவைச் சீர்செய்த பின் பூட்டைத் திறப்பது. தரவை எவ்வாறு சீர்செய்வது என்பதைக் கெர்னலோ நிரலகமோ அறியாது. அதனைக் கையாண்ட நிரற்பகுதியே அறியும். இழையின் இசைவு தேவைப்படுவதன் அடிப்படைக் காரணம் இதுவே.

1998இல் வெளியான ஜாவா 1.2 பதிப்பிலேயே ‘ஸ்டாப்’ கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. 2023இல் வெளியான ஜாவா 20 பதிப்பில், அதனை அழைத்தால் ஆதரவற்ற செயல் என்னும் விதிவிலக்கு மட்டுமே எழுமாறு மாற்றப்பட்டது. அதற்கு மாற்றாக உள்ள ‘இன்டரப்ட்’, இழையில் ஓர் அடையாளத்தை இட்டு, உறங்கும் அல்லது காத்திருக்கும் இழையை எழுப்புகிறது. முடிவை இழையே எடுக்கிறது.

பிற அமைப்புகளும் இத்திசையிலேயே சென்றுள்ளன. டாட்நெட் 2010இல் வெளியிட்ட நான்காம் பதிப்பில் இரத்து அடையாளவில்லை முறையைக் கொணர்ந்தது. பிற்காலத்து டாட்நெட் கோர் வலிந்து நிறுத்தும் ‘அபார்ட்’ செயற்கூறை ஆதரிப்பதில்லை. சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம் இழைகளைச் சேர்த்தபோது இரத்துக்கு வழி வைக்கவில்லை. 2020ஆம் ஆண்டுத் தரம் நிறுத்தக் கோரிக்கையை எடுத்துச் செல்லும் ‘ஸ்டாப்_டோக்கன்’ முறையை அளித்தது. கோ மொழியின் செந்நிரலகத்தில் 2016இல் ‘கான்டெக்ஸ்ட்’ தொகுதி இடம்பெற்றது. ஆண்ட்ராய்டின் பயானிக் நிரலகம் ‘பிதிரெட்_கேன்சல்’ செயற்கூறைத் தரவே இல்லை. வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு காலத்தில் ஒரே முடிவை அடைந்துள்ளமை கருதத்தக்கது.

கர்ல் நிரலகத்தின் 2025ஆம் ஆண்டு அனுபவம்

இணையவழித் தரவுப் பரிமாற்றத்திற்கு உலகெங்கும் பயன்படும் கர்ல் நிரலகம், தளப்பெயரை இணைய முகவரியாக மாற்றுவதற்குத் தனி இழையொன்றை அமைத்து, அதில் ‘கெட்ஆடர்இன்ஃபோ’ செயற்கூறை அழைக்கும் முறையைக் கொண்டுள்ளது. பெயர் வழங்கி விடையளிக்காவிடில் அவ்வழைப்பு நெடுநேரம் காத்திருக்கும். அதனை இடையில் நிறுத்த அச்செயற்கூறில் வழியில்லை. பயனர் பரிமாற்றத்தைக் கைவிட்டபின்னும் இழை காத்துக்கொண்டே இருக்கும். இதற்குத் தீர்வாகக் கர்ல் 8.16.0 பதிப்பில் ‘பிதிரெட்_கேன்சல்’ பயன்படுத்தப்பட்டது.

ஆனால் ஜிலிப்சியின் ‘கெட்ஆடர்இன்ஃபோ’ தன் பணிக்கிடையே ஓர் அமைவுக் கோப்பையும் படிக்கிறது. அந்நேரத்தில் இரத்து நேர்ந்தால், கோப்பைப் படிக்கப் பெற்ற நினைவகம் விடுவிக்கப்படாமல் கசிந்தது. கர்ல் நிரலாளர் எத்தகைய தூய்மைச் செயற்கூறு எழுதினாலும் பயனில்லை; கசிந்த நினைவகம் அவர்கள் எழுதாத செயற்கூறுக்குள் பெறப்பட்டது. அடுத்து வந்த 8.17.0 பதிப்பில் இம்முறை கைவிடப்பட்டது. இரத்துக்கு இசைவு அளிக்க வேண்டியது இழையின் தொடக்கச் செயற்கூறு மட்டுமன்று; அது அழைக்கும் ஒவ்வொரு செயற்கூறும் இரத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மாற்று வழியும் அதன் எல்லையும்

இன்று பரிந்துரைக்கப்படும் வழி, பகிர்ந்த அடையாள மாறி ஒன்றைப் பயன்படுத்துவது. நிறுத்த விரும்பும் இழை அம்மாறியை மாற்றுகிறது. இலக்கு இழை தனக்குப் பாதுகாப்பான இடங்களில் அதனைச் சோதித்து, வேலையைச் சீராக முடித்துத் தானாகத் திரும்புகிறது. சி மொழியில் அம்மாறி அணுநிலை மாறியாக இருத்தல் வேண்டும். சாதாரண மாறியெனில், அதன் மதிப்பு சுழலுக்குள் மாறாது எனத் தொகுப்பி முடிவு செய்து சோதனையையே அகற்றிவிடக்கூடும்.

இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. வலையிணைப்பிலிருந்து தரவு வரும்வரை உறைந்து நிற்கும் இழை அடையாள மாறியைக் காணாது. அதனை எழுப்பத் தனி ஏற்பாடு தேவை. காத்திருப்புக்கு நேர வரம்பு விதிப்பது ஒரு முறை. தரவு வரும் இணைப்பையும், நிறுத்தச் செய்தி வரும் குழாயையும் ‘போல்’ அழைப்பின் வழி ஒருசேரக் கவனிப்பது மற்றொரு முறை. ‘கெட்ஆடர்இன்ஃபோ’ போன்று இவ்விரண்டுக்கும் இடந்தராத செயற்கூறுகளுக்கு, அவ்வேலையைத் தனிச் செயல்முறையில் வைப்பதே உறுதியான வழி. செயல்முறையை நிறுத்தினால் அதன் வளங்களைக் கெர்னல் மீட்டுக்கொள்ளும்.

கற்பித்தலுக்கான பரிந்துரைகள்

வரையறைகளோடு பின்வரும் மூன்று ஆய்வகப் பயிற்சிகளைச் சேர்த்தால் மாணவர் இப்பொருளைத் தம் கண்ணாற் கண்டு உணர்வர்.

முதற்பயிற்சி: இரத்துப் புள்ளி எதுவுமற்ற முடிவிலாக் கணக்கீட்டுச் சுழலை ஓர் இழையில் இயக்கி, முதன்மை இழையிலிருந்து இரத்துக் கோரி, ‘பிதிரெட்_ஜாயின்’ மூலம் காத்திருத்தல். நிரல் முடியாது. சுழலுக்குள் ‘பிதிரெட்_டெஸ்ட்கேன்சல்’ சேர்த்தால் முடியும். கோரிக்கைக்கும் நிறைவுக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

இரண்டாம் பயிற்சி: மியூட்டெக்ஸ் பூட்டைப் பிடித்தபடி உறங்கும் இழையை இரத்து செய்து, மற்றோர் இழையில் அப்பூட்டைக் கோருதல். இரண்டாம் இழை நின்றுவிடும். தூய்மைச் செயற்கூறைச் சேர்த்தபின் அது இயங்கும்.

மூன்றாம் பயிற்சி: அதே நிரலை அணுநிலை மாறியும் ‘போல்’ அழைப்பும் கொண்டு, ‘பிதிரெட்_கேன்சல்’ இன்றி மாற்றி எழுதுதல். எது தெளிவாக உள்ளது, எதில் பிழை எளிதில் நுழையும் என்பதை மாணவரே ஒப்பிட்டு எழுத வேண்டும்.

இப்பயிற்சிகளுக்குச் சி தொகுப்பியும் எளிய லினக்ஸ் கணினியும் போதும். தேர்விலும் ‘இழை இரத்தின் வகைகள் யாவை’ என்று வினவுவதற்கு மாறாக, ஒரு சிறு நிரலைத் தந்து, குறித்த வரியில் இரத்து நேர்ந்தால் எஞ்சுபவை யாவை என வினவலாம்.

முடிவுரை

இழைகள் நினைவகத்தைப் பகிர்வதால், ஓர் இழையின் முறிவு செயல்முறை முழுவதையும் பாதிக்கிறது. வலிந்து நிறுத்தும்போது பூட்டு மூடியிருந்தால் முடக்கமும், திறந்திருந்தால் தரவுச் சிதைவும் விளைகின்றன. ஒத்திவைப்பு இரத்து, இரத்துப் புள்ளி, தூய்மைச் செயற்கூறு ஆகிய மூன்றும் சேர்ந்தே இதனைத் தவிர்க்க முயல்கின்றன. எனினும் அழைக்கப்படும் செயற்கூறுகள் அனைத்தும் ஒத்துழைத்தாலன்றி அம்முயற்சி முழுமை பெறாது என்பதை ஜிலிப்சி, கர்ல் ஆகியவற்றின் அனுபவங்கள் காட்டுகின்றன. கோரிக்கையைத் தெரிவித்து, முடிவை இழையிடமே விடும் முறை நோக்கிப் பல மொழிகளும் நகர்ந்துள்ளமைக்கு இதுவே காரணம்.

நாளை பொதுமக்கள் சேவைகளுக்கான நிரல்களை எழுதவிருப்போர் இன்று கல்லூரி ஆய்வகங்களில் பயில்கின்றனர். ஒருவர் இடையில் கைவிட்ட விண்ணப்பத்தால் வரிசையில் நிற்கும் பிறருடைய விண்ணப்பங்கள் முடங்காதிருக்க வேண்டுமெனில், இழையை எவ்வாறு தொடங்குவது என்பதற்கு இணையாக, அதனை எவ்வாறு முறையாக முடிப்பது என்பதும் கற்பிக்கப்பட வேண்டும்.